தறி நிற்கும் நேரம்

சென்னை ரயில் சங்கரன்கோவிலுக்கு வந்து சேர்ந்தபோது லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. லேப்டாப் பை ஒரு தோளிலும் துணிப்பை மறு தோளிலுமாகச் சுமதி இறங்கினாள். அண்ணன் பேச்சிராஜ் பைக்கோடு வெளியே நின்றான். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு அழும் தங்கச்சி, இனி வீட்டிலிருந்தே வேலை பார்க்கப் போகிறாள் என்றதில் அவனுக்கு ஒரே கொண்டாட்டம்.

"என்னட்டி, இப்படி எளைச்சுப் போயிட்ட? அங்கன சோறு போடுதானுவளா, இல்லையா?"

அது அப்பா கட்டிய வீடு. முன்னால் இரும்புக் கதவு, பிறகு பட்டாசாலை என்கிற முன்கூடம், அதற்குள் அரங்கு என்கிற ஜன்னலே இல்லாத உள்ளறை, அதைத் தாண்டி அடுக்களை, முற்றம், கடைசியில் தறிக்கூடம். பேச்சிராஜின் விசைத்தறிகள் காலையில் ஓடத் தொடங்கினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் கேட்காது. சமையல்கட்டில் பாத்திரம் தானாக அதிரும். மதினி இசக்கித்தாய் கையை ஆட்டி ஆட்டித்தான் சாப்பிடக் கூப்பிடுவாள்.

மதியச் சாப்பாட்டுக்குத் தறி நிற்கும். அப்போது வரும் அமைதியைச் சுமதி மறந்தே போயிருந்தாள். காதை யாரோ பொத்தியதுபோல் இருந்தது. ஈரச் சுவரின் வாடை, கஞ்சிப்பசை வாடை, மெஷின் எண்ணெய் வாடை எல்லாம் சத்தம் அடங்கக் காத்திருந்தவைபோல ஒன்றன்பின் ஒன்றாக மேலே வந்தன. முதல் நாளே அவளுக்கு அது பிடிக்கவில்லை.

ஆனால் அந்த நேரத்தைத்தான் அவள் நம்பியிருந்தாள். குரல் பதிவு செய்ய வேறு நேரம் கிடையாது.

அவள் கம்பெனி ஒரு வீடியோ கேம் செய்துகொண்டிருந்தது. கிரேக்கர்களின் பாதாள உலகத்தை வைத்துப் பின்னிய கதை. செத்துப்போன சிப்பாய் ஒருவன் பாதாளத்திலிருந்து ஏறித் தன் வீட்டுக்குப் போகப் பார்க்கிறான். இருட்டு ஆறு, காசு கேட்கும் படகுக்காரன், மூன்று தலை நாய் எல்லாவற்றையும் தாண்ட வேண்டும். பாதி வழியில் செத்தால் மறுபடி ஆற்றங்கரையில் எழுந்து முதலிலிருந்து கிளம்ப வேண்டும். வழியும் ஒவ்வொரு தடவையும் மாறிவிடும். இந்த வகை ஆட்டத்துக்கு ரோக்லைக் என்று பெயர். மனுஷனை வெறுப்பேற்றுவதற்கென்றே கண்டுபிடித்தது என்று சுமதியே சொல்வாள். அதில் ஆறுதல் ஒன்றுதான். வீட்டில் உயிரோடிருப்பவர்கள் நினைக்க நினைக்க, அவர்கள் உடம்புச் சூட்டில் கொஞ்சம் அவனுக்கு ஏறும். செத்தாலும் அந்தச் சூடு போகாது. அதை வைத்துக்கொண்டு அடுத்த முறை இன்னும் கொஞ்ச தூரம் ஏறலாம். அந்த யோசனை சுமதியுடையது. ஆபீசில் கைதட்டினார்கள்.

"செத்துச் செத்து வெளையாடுததா?" என்று பேச்சிராஜ் சிரித்தான். "இங்கன ஒருதடவ சாவதுக்கே எவனுக்கும் நேரமில்ல."

தமிழ்க் குரலுக்கு யார் யாரையோ வைத்துப் பார்த்தார்கள். எல்லாம் செய்தி வாசிப்பதுபோல் இருந்தது. மேனேஜர் ரிபாயி கடையநல்லூர்க்காரர். ஊர்ப்பேச்சு வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். கடைசியில் சுமதி அண்ணனைப் பிடித்து அரங்கில் உட்காரவைத்தாள். சுற்றிலும் ஜமுக்காளம் தொங்கவிட்டு, தறி நின்றதும் பதிவு. சோற்றைப் பிசைந்த கையைக் கழுவாமலே வந்து அவன் பாதாளச் சிப்பாயாகப் பேசினான். ஆச்சரியம், நன்றாகவே பேசினான்.

சிப்பாய் சாகும்போது சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை.

"போறேன்" என்று படித்துவிட்டு, பேச்சிராஜ் ஹெட்போனைக் கழற்றிவிட்டான். "சீ, இது என்ன பேச்சுட்டி? வீட்டவிட்டு எறங்குதவன் எவனாவது போறேன்னு சொல்லுவானா?"

"அவன் சாவுதாம்ண்ணே."

"செத்தா என்ன? திரும்பத்தான வாரான்? அப்ப அதுக்குத் தக்கனதான் சொல்லணும்."

அடுத்த டேக்கில் அவனாகவே மாற்றிச் சொன்னான். "போயிட்டு வாரேன்." வேலைக்குக் கிளம்புகிறவன் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்வானே, அந்த அலுப்பு. கடைசியில் ஒரு சின்னச் சிரிப்பு. சுமதிக்கு மயிர்க்கூச்செறிந்தது. ரிபாயி போனிலேயே துள்ளினார்.

ஆடித்தபசுத் திருவிழா முடிந்து தறிகள் மறுபடி ஓடத் தொடங்கிய வாரத்தில் பேச்சிராஜ் செத்துப்போனான். மதியம் தறியை நிறுத்திவிட்டு வந்தான். இலையைப் போடச் சொன்னான். கை கழுவ முற்றத்துக்குப் போனவன் அப்படியே சரிந்தான். சொம்பு உருண்ட சத்தம்தான் முதலில் கேட்டது. நாற்பது வயதுகூட ஆகவில்லை. நெஞ்சடைப்பு என்றார்கள்.

மறுநாள் பட்டாசாலையில் அவனைக் கிடத்தியிருந்தார்கள். நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு. வாசலில் பாடை தயாராகிக்கொண்டிருந்தபோது ரிபாயியின் போன் வந்தது.

"கேக்கவே வாய் கூசுது தாயி. இன்னைக்கு நம்ம கேமைக் கண்காட்சில வைக்கணும். கேமோட கடைசி பில்டு உன் லேப்டாப்லதான் இருக்கு. ஏத்தி மட்டும் விட்டுரு."

சுமதிக்கு வந்த ஆத்திரத்தில் போனைச் சுவரில் அடிக்கலாம்போல இருந்தது. ஆனாலும் எழுந்து போனாள். அதுதான் அவளுக்கு இன்றுவரை ஆறவில்லை. திட்டிக்கொண்டேயாவது எழுந்து போனாள். அரங்கில் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஏற்றுவதற்கு முன் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். காதில் சத்தமே வரவில்லை. இது வேறு எழவு என்று பொத்தானைத் தட்டினாள். பதிவு செய்ததைப் போட்டுக் கேட்பதற்காகப் பட்டாசாலை ஸ்பீக்கரோடு லேப்டாப்பைச் சேர்த்து வைத்திருந்தது அப்போது அவள் புத்தியில் இல்லை. திரையில் சிப்பாய் தடுக்கி விழுந்து செத்தான்.

வெளியே, பேச்சிராஜைத் தூக்கினார்கள்.

"போயிட்டு வாரேன்."

ஒப்பாரி அப்படியே நின்றது.

துக்கம் கேட்க வந்தவர்கள்கூட இழவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்ப மாட்டார்கள். சத்தமில்லாமல் எழுந்து போய்விடுவார்கள். அங்கே, போகிறவனே தன் குரலில் சொல்லிக்கொண்டு போனான். தூக்கியவர்களில் ஒருவருக்குக் கை நழுவியது. தறிக்கூடத்தை மேற்பார்க்கும் ஆறுமுகச்சாமிதான் ஓடிப்போய் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினார். சுமதி அரங்கு வாசலில் வந்து நின்றபோது மதினி தலையை நிமிர்த்திப் பார்த்தாள். அழுது வீங்கிய அந்த முகத்தில் பயம் இல்லை. அதுதான் சுமதிக்குப் பயமாக இருந்தது.

பதினாறு கழிந்து ஆறுமுகச்சாமி தறிகளை ஓட்டத் தொடங்கினார். முதல் நாள் மதியம் தறி நின்றது.

இரும்புக் கதவின் கொண்டி தூக்கும் சத்தம். செருப்பு ஒரு தடவை தரையில் தேய்ந்தது. பிறகு ஏதோ கனமாக விழுந்தது.

"போயிட்டு வாரேன்."

சுமதி ஓடிப்போய் லேப்டாப்பைத்தான் முதலில் பார்த்தாள். அது மூடிக் கிடந்தது. ஸ்பீக்கர் வயர் சுவரோரம் சுருண்டு கிடந்தது. வாசலில் யாரும் இல்லை. மெஷின் எண்ணெய் வாடை மட்டும் லேசாக அடித்தது. தறி மறுபடி ஓடத் தொடங்கியதும் அதுவும் போய்விட்டது.

மறுநாளும் வந்தது. இந்தத் தடவை கதவு, நடை, பட்டாசாலை வாசற்படி. அப்புறம் விழுந்தது.

சுமதி தன்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தாள். அந்த ஒலித் துண்டை அழித்தாள். நகலை அழித்தாள். கேமையே லேப்டாப்பிலிருந்து தூக்கினாள். ரிபாயிக்குப் போன் போட்டுக் கத்தி, சென்னையிலும் எடுக்கவைத்தாள். "எடுத்தாச்சு தாயி, எங்கயும் இல்ல. நீ கொஞ்சம் ஓய்வா இரு" என்றார் அவர். இல்லாத குரல் மதியமானால் வந்தது. இரும்புக் கதவுக்குப் பெரிய பூட்டாகப் போட்டாள். அன்று முற்றத்துப் பக்கமிருந்து வந்தது. முற்றத்துக் கதவைத் தாழிட்டாள். மாடிப்படியில் செருப்புச் சத்தம் இறங்கியது. ஒரு வழியை அடைத்தால் இன்னொரு வழி. ஒவ்வொரு தடவையும் முன்னைவிட ஓரடி உள்ளே. அவளே எழுதிய ஆட்டம் அவளையே வைத்து ஆடிக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பூட்டும் சாவியுமாக அலைந்ததுதான் மிச்சம்.

தறிக்காரர்கள் மதியம் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போகத் தொடங்கினார்கள்.

மதினி மட்டும் அசையவில்லை. மதியமானால் குளித்து, தலைவாரி, அடுக்களையில் இலை போட்டுச் சோறு வைத்து உட்கார்ந்துவிடுவாள்.

ஒருநாள் குழம்புக் கிண்ணத்தை வாங்கும்போது மதினியின் கை சுமதி மேல் பட்டது. அடுப்படியில் வெந்துகொண்டிருந்தவள் கை, ஐஸ் பெட்டிக்குள் இருந்து எடுத்ததுபோல் இருந்தது.

"என்ன மதினி இது?"

"கொஞ்ச நாளாவே இப்படித்தான். மொதல்ல வெரல்ல இருந்துச்சு. இப்ப மணிக்கட்டு வரைக்கும் இருக்கு."

உயிரோடிருப்பவர்களின் சூடு. அதை எழுதியவளுக்கு வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், எல்லாம் சரியாக இருக்கிறது, துக்கத்தில் சாப்பிடாமல் இருப்பார்கள் என்றார்கள். அதற்குள் குளிர் முழங்கைக்கு ஏறிவிட்டது. அது நெஞ்சுக்கு வந்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"சிவகிரிக்கு, உங்க அம்மா வீட்டுக்குப் போயிருவோம் மதினி. ஒரு மாசம் இருந்துட்டு வருவோம்."

"அவுக வாரப்ப நான் இல்லன்னா?"

"அது அண்ணன் இல்ல!"

"பெறவு யாரு?" மதினி சிரித்தாள். "பாவம், கைகழுவப் போனவுக. சாப்பிடாமலே போயிருக்காவ. பசியோட வருதாவ சுமதி. வந்து வந்து பாதியிலயே விழுந்துருதாவ."

சுமதி கெஞ்சினாள், திட்டினாள், ஒருமுறை கையைப் பிடித்து வாசல்வரை இழுத்தேவிட்டாள். மதினி தூணைக் கட்டிக்கொண்டாள். ஒரு பொம்பளையைக் காப்பாற்றுவதற்கு அந்தப் பொம்பளையோடேயே மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அழுகைகூட வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

அப்புறம்தான் அந்தப் பழைய டேக் நினைவுக்கு வந்தது.

பதிவு செய்ததில் அந்தப் "போயிட்டு வாரேன்" போக மிச்சத்தைப் போனில் வைத்திருந்தாள். அதை அழிக்க மனசு வரவில்லை. இருமல், சிரிப்பு, சாப்பாட்டு இலையைப் பற்றிய பேச்சு எல்லாம் அதில் இருந்தன. நடுவில், ஹெட்போனைக் கழற்றுவதற்கு முன் அண்ணன் வேண்டாவெறுப்பாகப் படித்த அந்த ஒற்றை வார்த்தை. சொல்லிக்கொண்டு போனவன்தானே வருகிறான்? வரமாட்டேன் என்று அவன் வாயாலேயே சொல்லவைத்தால்? அந்த வார்த்தையை மட்டும் வெட்டி எடுத்தாள். பின்னால் வந்த "சீ"யையும் வெட்டினாள். சொந்த அண்ணனைக் கழுத்தைப் பிடித்து வீட்டைவிட்டுத் தள்ளுவதுபோல் இருந்தது. ஆனால் மதினியின் குளிர் அன்று காலை தோளைத் தொட்டிருந்தது.

மதியம். தறிகள் ஒவ்வொன்றாக அடங்கின. சுமதி ஸ்பீக்கரை அடுக்களை வாசலில் வைத்துவிட்டு, போனும் கையுமாகச் சுவரோடு ஒட்டி நின்றாள். உள்ளே மதினி இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

முதலில் வாடை வந்தது. பிறகு பின்பக்கம் தறிக்கூடத்துக் கதவு.

செருப்பு முற்றத்தைக் கடந்தது. தொட்டியில் தண்ணீர் மொள்ளும் சத்தம். கொப்பளிக்கும் சத்தம்.

அடுக்களைப் படி.

இவ்வளவு தூரம் அது வந்ததே இல்லை.

மூச்சு கேட்டது. மாடி ஏறி வந்த ஆளின் மூச்சு. மதினி தலையைத் தூக்கினாள். அவள் உதடு நீலம் பாரித்திருந்தது.

பிறகு அந்தக் கனம் விழுந்தது. சுமதியின் காலடித் தரை அதிர்ந்தது. அது வாயைத் திறப்பதற்கு முன்னால் அவள் போனைத் தட்டினாள்.

"போறேன்."

ஸ்பீக்கரிலிருந்து அண்ணன் குரல் தெளிவாக வந்தது. எப்போதும் அதன்பின் வரும் அந்த மற்றக் குரல் வரவில்லை.

சுமதி காத்திருந்தாள். எண்ணெய் வாடை மெல்ல மெல்லக் குறைந்தது. வெளியே ஒரு காக்கை கரைந்தது. இத்தனை நாளும் இந்த நேரத்தில் ஒரு காக்கைச் சத்தம்கூடக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஸ்பீக்கரை அமர்த்திவிட்டுச் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். அண்ணன் செத்த அன்றுகூட வராத அழுகை அப்போது வந்தது.

"மன்னிச்சுக்கோண்ணே" என்றாள்.

உள்ளேயிருந்து மதினியின் குரல் கேட்டது. அடுப்பைவிட்டுத் திரும்பாமல் காலையில் புருஷனுக்குச் சொல்வாளே, அதே மாதிரி.

"சரி. போயிட்டு வாங்க."

சுமதி துள்ளி எழுந்தாள். "மதினி! என்ன சொன்னீய?"

"அவுக சொல்லிக்கிட்டுக் கெளம்புனா நான் பதில் சொல்லாண்டாமா? இத்தன நாளும் சொல்லாம விட்டுட்டேன்லா. அதான் பாதியிலயே விழுந்து விழுந்து போனாவ."

ஓங்கி அறையலாம்போல் வந்தது சுமதிக்கு. உட்கார்ந்து வெட்டி எடுத்து, பாவத்தையும் தலையில் கட்டிக்கொண்டு அடைத்த கதவை, ஒரு வார்த்தையில் திறந்துவிட்டாள் இந்தப் பொம்பளை. கத்த வாயெடுத்தாள்.

முன்வாசலில் கொண்டி தூக்கும் சத்தம் கேட்டது.

ஒரே மதியத்தில் அது இரண்டாம் தடவை வந்ததே இல்லை.

பூட்டு தரையில் விழுந்தது. செருப்பைக் கழற்றி ஓரமாக விடும் சத்தம். வெறுங்கால் பட்டாசாலைக்குள் நடந்தது. அவசரமே இல்லை. அரங்கைத் தாண்டி வந்தது. மூச்சு இரைக்கவில்லை.

சுமதியைக் கடந்து போனபோது அவள் கன்னத்தில் சூடு அடித்தது. நாள் முழுக்க ஓடிய மோட்டாரிலிருந்து வருமே, அப்படி ஒரு சூடு.

அடுக்களையில் பலகை முனகியது.

அவள் அது விழுவதற்காகக் காத்திருந்தாள். பல்லைக் கடித்து, கண்ணை மூடிக்கொண்டு, விழு, விழு என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

விழவில்லை.

கண்ணைத் திறந்து உள்ளே போனாள். இலையில் சோறு குழிந்தது. குழம்பு அந்தக் குழிக்குள் இறங்கியது. மதினி கரண்டியால் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். சுமதி அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். கல்லாகச் சில்லிட்டிருந்தது. மூக்கருகே விரலைக் கொண்டுபோனாள். விரலில் மூச்சு படவில்லை.

மதினியின் கை பரிமாறிக்கொண்டே இருந்தது. முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

"ஏட்டி, தண்ணி கொண்டா."

ஸ்பீக்கர் அமர்ந்துதான் கிடந்தது. போனில் இருந்த பதிவு முழுவதையும் சுமதி வரிவரியாக அறிவாள். இந்த வார்த்தை அதில் எங்கேயும் கிடையாது.

"அவுக கேக்காவல்லா சுமதி?" என்றாள் மதினி, அவள் பக்கம் திரும்பாமலே. "மொண்டு குடு."

ஓட வேண்டும் என்று சுமதிக்குத் தெரிந்தது. ஆனால் அண்ணன் கேட்டால் ஓடிப்போய் மொள்கிற கை, சிறு வயசிலிருந்தே பழகிய கை, அதற்குள் சொம்பைப் பானைக்குள் விட்டிருந்தது. இலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நீட்டினாள். சொம்பின் கனத்தை யாரோ வாங்கிக்கொண்டார்கள். அவள் விரல் நுனிகள் சில்லென்றிருந்தன. பானைத் தண்ணீர் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

பின்னால் ஆறுமுகச்சாமி தறிகளை ஓடவிட்டார். அடுக்களைப் பாத்திரங்களெல்லாம் அதிரத் தொடங்கின. எல்லாம் இந்தச் சத்தத்தோடு அடங்கிவிடுவதுதான் வழக்கம்.

இலையில் சோறு பிசைவது நிற்கவில்லை.